கசிவும் சொட்டும் ஒழுக்கும்

நீர்மம் தன் கலத்தை விட்டு வெளியேறுவதைச் சொல்லத் தமிழில் வினைச்சொற்கள் பல. மண்பானையின் புறத்தே நீர் கசிகிறது, ஓலை நுனியிலிருந்து சொட்டுகிறது, கூரை ஒழுகுகிறது, நிறைகுடம் வழிகிறது, உடைந்த குழாயிலிருந்து பீறிடுகிறது. வகுப்பில் இவற்றின் வேறுபாட்டை விளக்கும்போது, "எல்லாமே லீக்தானே மேடம்?" என்று உங்களுள் ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. வேற்றுமொழிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால், இச்சொற்களை வேறுபடுத்தி அறிந்ததனாலேயே ஒரு காரைக் காப்பாற்றிய மெக்கானிக் ஒருவரை நான் அறிவேன். அவருக்குத் தமிழ் எழுதவோ படிக்கவோ தெரியாது.

புனேயில் நான் பணியாற்றிய காலத்தில், உடன் பணிபுரிந்த கணித ஆசிரியையிடம் பழைய மிட்சுபிஷி லான்சர் கார் ஒன்று இருந்தது. பார்வைக்கு அது குடும்பக் கார். மரபால் பந்தயக் கார். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜோகிந்தர் சிங், 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் சஃபாரி ராலியில் வென்றது லான்சரில்தான். பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டம் வென்றதும் அதன் பந்தய வகையில்தான். இந்தியாவில் லான்சர் 1998 முதல் சென்னைக்கு அருகிலுள்ள திருவள்ளூரில் தயாரிக்கப்பட்டது. அதனால், "உங்கள் ஊர்க்காரர் இன்று முரண்டு பிடிக்கிறார்" என்று கணித ஆசிரியை என்னிடம் அடிக்கடி முறையிடுவார். அவர் மராத்தியர், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் அந்தக் காரின் அடியில் சிவந்த எண்ணெய் தேங்கத் தொடங்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகல் கேட்டது. பெரிய பணிமனை ஒன்றில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். எண்ணெய்த் துளிகள் ஸ்டீயரிங் ரேக்கின் அடியில் தொங்குவதைக் கண்டு, ரேக்கையும் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். காரை விற்றாலும் அந்தத் தொகை தேறாது. அவருடைய தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துவந்தது. ஆட்டோவின் குலுக்கலை அந்த முதிய உடல் தாங்காது. காரை விற்பதா, கடன் வாங்குவதா என்று ஆசிரியர் அறையில் அவர் விடைத்தாள் கட்டின் பின்புறம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

புனேயின் கட்கிப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கே சிறிய ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவர் பேசிய தமிழில் மராத்தியும் இந்தியும் தாராளமாகக் கலந்திருந்தன. இங்கே எழுத்துத் தமிழாக்கித் தருகிறேன். அதனால் அதன் சுவை பாதியாகக் குறைந்திருக்கும்.

அவர் காரின் அடியில் குனியவே இல்லை. முதலில் கேட்டார்: "டீச்சரம்மா, இது கசிவா, சொட்டா, ஒழுக்கா? இவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

"ஏதானால் என்ன, அண்ணா? எண்ணெய் போகிறதே!"

"என்ன என்றா கேட்கிறீர்கள்? கசிவென்றால் ஈரம் படர்ந்து நிற்கும், கீழே விழாது. பழைய வண்டியில் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சொட்டென்றால் எங்கே, எப்போது என்று தேட வேண்டும். ஒழுக்கென்றால் வண்டியை எடுக்கவே கூடாது."

இவ்விடத்தில் அந்த ஸ்டீயரிங் இயங்கும் முறையைச் சிறிது சொல்ல வேண்டும். எஞ்சினால் சுழலும் பம்ப் ஒன்று, சிறிய டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பேரழுத்தத்துடன் ரேக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தமே சக்கரங்களைத் திருப்பத் துணை நிற்கிறது. வேலை முடிந்த எண்ணெய் மற்றொரு குழாய் வழியே டப்பாவுக்குத் திரும்புகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் இம்முறையைச் செய்து காட்டினார். 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் இதைத் தன் இம்பீரியல் காரில் பொருத்தி விற்றது. இன்றைய புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் அவ்வேலையைச் செய்கிறது. கார் டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் 70 கிலோவையும் கடக்கக்கூடும். அதனால்தான் எஞ்சின் ஓடும்போது அக்குழாய்களைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. நுண்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.

மெக்கானிக்கின் அடுத்த வினா: "வண்டி நிற்கும்போது விழுகிறதா, ஓடும்போதா?"

கணித ஆசிரியைக்கு விடை தெரியவில்லை. உடனே பிரித்துப் பார்க்காமல், எண்ணெய் படிந்த பாகங்களையெல்லாம் துடைத்துக் கழுவி உலரவைத்தார் அவர். டப்பாவை அளவுக்கு நிரப்பி, வண்டியின் அடியில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து வைத்து, மறுநாள் வரச் சொன்னார். எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. அரைநாள் விடுப்பெடுத்து வந்தது, வண்டியைத் துடைப்பதைப் பார்ப்பதற்கா?

மறுநாள் அட்டையில் சிவப்பு வட்டங்கள் இருந்தன. இரவு முழுவதும் எஞ்சின் ஓடாமலே எண்ணெய் சொட்டியிருக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடிக்கச் சொன்னார். "கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருக்காதீர்கள், தாயி; ஐந்து விநாடி போதும்" என்று எச்சரித்தார். எங்கும் பீறிடவில்லை. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளின் கிளிப்பைத் தளர்த்திப் பிதுக்கினார். ரேக்கின் உள்சீல் பழுதாகியிருந்தால் எண்ணெய் அவ்வுறைக்குள் சேர்ந்திருக்கும். இரண்டும் உலர்ந்திருந்தன. பின்னர் டப்பாவின் மூடியைத் திறந்து எங்களை அழைத்துக் காட்டினார். உள்ளே எண்ணெய் நுரைத்து வெளுத்துக் கிடந்தது.

"பார்த்தீர்களா? அழுத்தக் குழாய் போயிருந்தால் ஓடும்போதுதான் பீறிடும். இங்கே நிற்கும்போது சொட்டுகிறது. ஓடும்போது காற்றை இழுக்கிறது. அதுதான் முனகல். அப்படியானால் உறிஞ்சும் குழாய்தான்."

டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ் அது. பல ஆண்டு எஞ்சின் வெப்பத்தில் இறுகி, கிளிப் பிடிக்கும் இடத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. எண்ணெய் அந்த வெடிப்பிலிருந்து கிளம்பி, ஹோஸின் அடிப்புறமாகவே ஊர்ந்து, இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் வந்து, ரேக்கின் கீழே துளியாகி விழுந்திருக்கிறது. பணிமனையார் துளி விழுந்த இடத்தைப் பார்த்தார்கள். இவர் அது புறப்பட்ட இடத்தைத் தேடினார். துடைக்காமல் பார்த்திருந்தால் இவருக்கும் அது தெரிந்திராது.

புதிய ஹோஸும் இரண்டு கிளிப்களும் எண்ணெயும் போட்டார். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டீயரிங்கை இப்புறமும் அப்புறமும் பலமுறை திருப்பச் செய்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். பிறகு எஞ்சினை ஓட்டிக் குமிழிகள் அடங்கும்வரை அதையே செய்தார். முனகல் நின்றது. கூலியாக அவர் கேட்ட தொகையைக் கேட்டுக் கணித ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் ஒரு சுழியம் விடுபட்டதோ என்ற ஐயம் அவருக்கு.

புறப்படும்போது பம்பின் அச்சுப் பக்கம் விளக்கடித்து, அங்கே படர்ந்திருந்த ஈரத்தைக் காட்டினார். "அந்தச் சீல் தேய்ந்திருக்கிறது. இப்போதைக்குக் கசிவுதான். மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை அட்டை போட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்தால் வாருங்கள்."

இதை நான் இந்தியில் சொன்னேன். கசிவுக்கும் சொட்டுக்கும் உரிய இந்திச் சொற்களைத் தேடி நான் தடுமாறுவதைக் கண்டு, கணித ஆசிரியை அவ்விரண்டையும் தமிழிலேயே தம் குறிப்பேட்டில் தேவநாகரி எழுத்தில் எழுதிக்கொண்டார். அதன்பின் திங்கட்கிழமைதோறும் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் என்னிடம் வந்து, "கசிவு. சொட்டு நஹீ" என்பார். தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில் மட்டும் அதைச் சற்று உரக்கச் சொல்வார்.