நாங்கள் கட்டிய கோழிக்கூடு

தந்தையார் மறைந்தபின், அன்னையாரை ஊரில் தனியே விட மனம் ஒப்பாமல், திருநெல்வேலிச் சீமையிலிருந்து நிக்டிக்கு அழைத்து வந்தோம். அது சென்ற ஆண்டு மாசி மாதம். 1972இல் அமைக்கப்பெற்ற புதுநகர் வளர்ச்சி ஆணையம் மனை வகுத்த பகுதியில் எங்கள் வீடு. பின்புறம் சிறிது மண் தரையும் உண்டு. ஆயினும் அன்னையாருக்கு இடம் பொருந்தவில்லை. அண்டை வீட்டாரின் மராத்தி புரியவில்லை. பேரப்பிள்ளைகளின் தமிழும் பாதிதான் புரிந்தது. நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்தது. ஒரு மாலை, "நாலு கோழி இருந்தால் பொழுது போகும்" என்றார். வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றே.

ஊரிலாயின் ஒரு பஞ்சாரம் போதும். இங்கோ பூனையும் பெருச்சாளியும் மிகுதி. கடைக் கூண்டின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆதலால் கிடைத்ததைக் கொண்டு நாங்களே கட்டத் துணிந்தோம்.

போசரித் தொழிற்கூடங்களுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் மரச்சட்டங்கள் பழைய மரக்கடைகளில் மலிவாய்க் கிடைக்கும். அன்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சட்டத்தில் 'எச்.டி.' என்ற முத்திரை இருப்பின் அது வெப்பமூட்டிய மரம், 'எம்.பி.' என்றிருப்பின் நச்சுப்புகை ஊட்டியது, அதனை விலக்குக. நான்கடி நீளம், மூன்றடி அகலத்தில் கூடு அமைத்துச் செங்கல் மேல் ஏற்றினோம். எதிர்வீட்டார் கழித்த தகரம் கூரையாயிற்று. கல்நார் ஓடு இனாமாகவே கிடைத்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் மறுத்தோம். உடைந்த சன்னற்கதவு வாயிலாயிற்று. தச்சர் தந்த இழைப்புச் சுருளைத் தரையில் பரப்பினோம். கோழி இரவில் ஏறி அடைவதற்கு ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்தோம். புதிதாய் வாங்கியது, எலி நுழையாத அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை ஒன்றே.

சித்திரையில் ஆறு வாரக் குஞ்சுகள் நான்கு வந்தன. அனைத்தும் பெட்டை, சேவல் இன்றியும் பெட்டை முட்டையிடும், அண்டையாரின் உறக்கமும் கெடாது. அன்னையார் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டார்.

பிழை திசையில் இருந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வரும். அப்பழக்கத்தால் வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடைத்து, மேற்கில் வலை வைத்தோம். அன்னையாரும் அதுவே சரி என்றார். புனேயின் பெருமழையோ தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. வந்து இத்தனை ஆண்டாகியும் எங்கள் கைக்கு அது உறைக்கவில்லை. ஆனி மாதத்து முதல் இரவு மழை வலை வழியே நேராக உள்ளே அடித்தது. விடியலில் இரண்டு குஞ்சுகள் நனைந்து விறைத்துக் கிடந்தன. அன்னையார் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாதிருந்தார். ஊரை விட்டு அவரைப் பெயர்த்து வந்தது தவறோ என்று அன்று எங்களுக்குத் தோன்றியது.

அப்பொழுது அடுத்த வீட்டு ஆஜி, தம் பழைய தார்ப்பாயுடன் வந்தார். மேற்கே கைகாட்டி, "பாவூஸ், பாவூஸ்" என்றார். அது மழையைக் குறிக்கும் சொல் என்று ஒருவரும் சொல்லாமலே அன்னையாருக்கு விளங்கிற்று. நால்வர் கூடித் தூக்கிக் கூட்டைத் திருப்பி வைத்தோம். செங்கல் மேல் நிற்கும் கூடாதலால் அஃது எளிதாயிற்று. அடைத்த முதுகு மேற்கு நோக்கி மழையையும் மாலை வெயிலையும் தாங்கிற்று. கிழக்கு நோக்கிய வலையில் காலை வெயில் விழுந்தது.

ஐப்பசியில் முதல் முட்டை கிடைத்தது. யாருக்கு என்று பிள்ளைகள் வழக்காடினர். அன்னையார் அதனை முந்தானையில் பொதிந்து ஆஜி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இருவரும் எம்மொழியில் பேசினர் என்பது தெரியவில்லை. அவர் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று.