அம்மாச்சி கொடுத்தது

அம்மாவின் அடிவயிற்றில் வலப்பக்கம் கை வைத்தால் மேடு தட்டுப்படும். அது அம்மாச்சி கொடுத்த சிறுநீரகம். மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் வைக்க மாட்டார்கள். இடுப்பெலும்பை ஒட்டி முன்பக்கமாகவே வைத்துத் தைப்பார்கள். பழையவை இரண்டும் பெரும்பாலும் உள்ளேயே சும்மா கிடக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஓடிவந்து அம்மா மடியில் விழக்கூடாது. "மெதுவா வா பாப்பா, அங்க அம்மாச்சி இருக்கு" என்பாள்.

அப்போது மதுரை கே.கே. நகரில், வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போகிற ஒரு தெருவில் மாடிவீட்டில் குடியிருந்தோம். காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் அப்பாவின் போனில் அலாரம் அடிக்கும். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் என்று மாத்திரைகளின் பெயரெல்லாம் நான்காம் வகுப்பிலேயே எனக்கு மனப்பாடம். அம்மாச்சியின் சிறுநீரகத்தை அந்நியப் பொருள் என்று நினைத்து அம்மாவின் உடம்பு தாக்கிவிடக் கூடாது. அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி வைக்கிற மாத்திரைகள் அவை. அதனால் எனக்குச் சளி பிடித்தால்கூட அப்பாவோடு முன்னறையில்தான் படுப்பேன்.

2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய நாள். விடியும் முன்பே பெரியாஸ்பத்திரியில் ஒருவர் இறந்துபோனார். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம். 54 வயது, அண்ணா நகர்க்காரர். எங்களுக்கு அடுத்த பகுதி. அவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருந்தன, ஸ்டீராய்டு எடுத்து வந்தார் என்று சுகாதாரத்துறை அமைச்சர் வெளியிட்ட குறிப்பில் இருந்தது. அதைப் படித்த அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். பிரட்னிசலோனும் ஸ்டீராய்டுதான். ஆறாம் வகுப்பு முடிக்கப்போகிற எனக்கே அது தெரிந்திருந்தது.

பால் பாக்கெட்டுகள் சோப்புத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கின. வெளியே போய்வந்தால் அப்பா கீழ்க்குழாயில் குளித்துவிட்டுத்தான் மேலே வருவார். மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல் நடத்தினார்கள். அம்மா நேரலையைப் பார்த்துக்கொண்டே புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. தெருவெல்லாம் கபசுரக் குடிநீர் வாசம். கீழ்வீட்டு அத்தை தினமும் ஒரு டம்ளர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். அம்மாவுக்கோ எந்தக் கஷாயமும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ரத்தத்தில் மருந்தின் அளவைக் குலைத்துவிடலாம். அத்தையின் மனமும் நோகக்கூடாது. அப்பாவும் நானும் ஆளுக்குப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுப்போம்.

அடுத்த ஆண்டு வரை என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். அதனால் வீட்டிலேயே இருப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தபோதுதான் எங்கள் வீடு தனியாகிப் போனது. நான் எட்டாம் வகுப்பு. அம்மா இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்தாள். ஆனால் உறுப்பு மாற்றியவர்களின் உடம்பில் தடுப்பூசி மற்றவர்களுக்கு வேலை செய்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. எனக்கோ அப்போது தடுப்பூசியே கிடையாது.

"என்னால இவ படிப்பு கெடணுமா? நாளைக்கு இவ போகட்டும்" என்றாள் அம்மா.

"நான் போகல" என்றேன். அம்மாவுக்குக் கோபம். அன்று இரவு என்னோடு பேசவே இல்லை. அப்பா அம்மாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்கிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருக்கு" என்றாள் அம்மாச்சி. "அதையும் குடுக்க நான் ரெடி, டாக்டர்தான் வாங்க மாட்டாரு. பிள்ளை வீட்லயே இருக்கட்டும்."

அதற்குமேல் அம்மாவால் பேச முடியவில்லை.

வருகை கட்டாயமில்லை, விருப்பமுள்ள பெற்றோர் அனுப்பினால் போதும் என்று அரசு அப்போது சொல்லியிருந்தது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை, 2021 மார்ச்சில் இங்கிலாந்தில் பள்ளி திறந்த விதத்தைப் பின்னாளில் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். அங்கே வருகை கட்டாயம்; அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கிற குடும்பங்கள் எப்படித் தவித்திருக்கும்!

காலை எட்டரைக்குச் சீருடைகள் தெருவைக் கடந்து போகும். நான் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து ரெட்டைச் சடை பின்னி, ரிப்பனும் கட்டிவிடுவாள். இருவருமே ஒன்றும் பேசமாட்டோம். சாயங்காலம் என் தோழி கேட்டில் நோட்டுகளைத் தொங்கவிட்டுப் போவாள். அவை மொட்டை மாடியில் ஒருநாள் வெயில் காய்ந்த பிறகுதான் உள்ளே வரும். இயற்கணிதம் மட்டும் நோட்டைப் பார்த்து விளங்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பார்த்ததும் போதவில்லை. அப்பா இரவு உட்கார்ந்து, தானே முதலில் கற்றுக்கொண்டு, பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"தாய்க்காகப் பிள்ளையை முடக்கிப் போட்டுட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குக் கொதிக்கும். என்னை யாரும் முடக்கவில்லை. அம்மாச்சி அறுவைசிகிச்சை மேசையில் படுத்தாள், அப்பா மாத்திரைக்கு ஓடினார், அம்மா ஒருவேளை மாத்திரைகூடத் தவறவிடவில்லை. அந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. வயதில் சின்னவள் என்பதற்காக அதை என்னிடமிருந்து பறிப்பதில் எந்தக் கருணையும் இல்லை. பயம் என்று ஒன்று இருந்தது, அது உண்மை. ஆனால் பள்ளிக்குப் போயிருந்தால் அது பத்து மடங்காகியிருக்கும்.

ஜனவரியில் ஒமிக்ரான் வந்து பள்ளிகளை மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி திறந்தார்கள். நான் போகவில்லை. மார்ச் 16 முதல் 12 வயதிலிருந்து 14 வயது வரையுள்ளவர்களுக்குக் கோர்பிவாக்ஸ் போட ஆரம்பித்தார்கள். முதல் தவணைக்கும் இரண்டாவதற்கும் 28 நாள் இடைவெளி. ஊசி போட்ட கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே அம்மா அழுதாள்.

2022 ஜூன் 13, ஒன்பதாம் வகுப்பு. பெரும்பாலான பிள்ளைகள் முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார்கள், நான் கழற்றவில்லை. ஏன் என்று கேட்ட பெஞ்சுக்காரியிடம் மாத்திரையின் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவளும் முகக்கவசம் போட்டு வந்தாள். ஆண்டு முழுக்கப் போட்டாள்.

அந்த மாதம் எடுத்த பரிசோதனையில் அம்மாவின் கிரியாட்டினின் 1.2. அம்மாச்சிக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னோம். "நல்லாத்தான் ஓடுது" என்றவள், "பிள்ளைக்குக் கணக்கு வருதா?" என்று கேட்டாள்.