வேலை போனால் யாரிடம் கேட்பது?

பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாக வாசியுங்கள்.

ரப்பர் விலை, அருமனைச் சந்திப்பின் நெரிசல், பழைய வகுப்புப் படம் என்றுதான் இங்கே வழக்கமாக எழுதுவேன். இன்றைக்கு ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களின் வேலை உரிமையைப் பற்றி எழுதுகிறேன். "சாருக்கு இந்த வயசில் இது எதற்கு?" என்று சிலர் நினைப்பீர்கள். என்னிடம் படித்த ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. அதனால்தான்.

அவருடைய சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி சொல்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் எட்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தார். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. அவர் தன் துணையோடு எடுத்த படம் ஒன்று அலுவலகத்தில் கைமாறியது. துணையும் ஓர் ஆண்தான். மறுவாரமே மேலதிகாரி கூப்பிட்டு, இனி சரிப்படாது என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் செய்தபோது அவர் அழவில்லை. "சாறே, எழுத்துல ஒண்ணும் தரல்ல. நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொல்லியாச்சு. நான் இனி யார்ட்டப் போய் கேக்க?" என்றார்.

"கொஞ்சம் பொறு மக்கா, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். வக்கீலாக இருக்கும் இன்னொரு மாணவியிடம் சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், இது குற்றம் என்று இன்னமும் நினைப்பவர்களுக்கு. வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இதைக் குற்றமாக வைத்திருந்தது. வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் வாழ்வது குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. அதற்கும் முன்னால், 2017-ல், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, ஒருவரின் பாலீர்ப்பும் அதில் அடங்கும் என்றது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர்களான நம்மைத் தூங்கவிடாத ஒரு சம்பவம் உண்டு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்தவர் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரியில் சிலர் அவர் வீட்டுக்குள் புகுந்து, இன்னொரு ஆணோடு அவர் இருந்ததைப் படம்பிடித்தார்கள். புகுந்தவர்கள் இருக்க, பல்கலைக்கழகம் அவரைத்தான் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி. அவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 1-ம் தேதி நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7-ம் தேதி அவர் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். வழக்கில் ஜெயித்த ஒரு வாரத்துக்குள்.

பதினோரு வருடம் கழித்து, அதே அலகாபாத் உயர் நீதிமன்றம். புலந்த்ஷகரைச் சேர்ந்த ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர், தன் ஆண் துணையோடு இருந்த வீடியோ வெளியானதால் நீக்கப்பட்டிருந்தார். 2018 தீர்ப்பைக் காட்டி, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி 2021 பிப்ரவரியில் உத்தரவு வந்தது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைப் போலீஸ்காரர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022-ல் புது விதியே சேர்ந்தது.

இதையெல்லாம் வாசித்ததும் எனக்குத் தெம்பு வந்தது. வக்கீல் மாணவிதான் சொன்னாள்: "சார், நீங்க சொன்ன ரெண்டு பேரும் அரசுப் பணம் வாங்குற இடத்துல வேலை பார்த்தவங்க." அரசியல் சட்டத்தின் 14, 15, 16 பிரிவுகள் முக்கியமாக அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளி, பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. திருநங்கையர், திருநம்பியருக்கு 2019-ல் வந்த சட்டத்தின் 9-வது பிரிவு, எந்த நிறுவனமும் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதில் தனியாரும் அடக்கம். என் மாணவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்: இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டமும், அமெரிக்காவில் 2020 ஜூன் 15-ம் தேதித் தீர்ப்பும் தனியார் வேலைக்கும் பாதுகாப்புத் தருகின்றன.

பாதிச் சட்டம் என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று அறிவித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்றும் அதிலேயே சொன்னது. மூடலாம், ஆனால் அவர்களைப் போல வேண்டாம். இன்றைக்கு இவர்களிடம் நாம் சொல்வதும் அதுதான்: வாழலாம், ஆனால் எங்கள் அலுவலகத்தில் வேண்டாம்.

இதே நிலையில் வேறு யாராவது இருந்தால், எனக்குக் கிடைத்த யோசனை இது. மிரட்டலுக்குப் பயந்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வந்த மெயில், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை எதிர்த்து வாதாட வழி உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

இனி மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை வாசிப்பவர்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி, முந்திரி ஆலை, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கம்பெனிகளில் ஆள் எடுக்கிற பொறுப்பில் என் மாணவர்களே பத்துப் பேராவது இருப்பீர்கள். பார்லிமென்ட் சட்டம் போடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பணி விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம்: சாதி, மதம், பாலினம், பாலீர்ப்பு எதையும் காரணமாக வைத்து யாரையும் வேலைக்கு எடுக்காமலும் இருக்க மாட்டோம், விலக்கவும் மாட்டோம் என்று. அந்த ஒரு வரி கையில் இருந்தால், கூப்பிட்டு மிரட்டுகிறவரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது இருக்கும்.

மத நம்பிக்கை காரணமாக இதை ஏற்க முடியாதவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. அவர்களிடம் நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எட்டு வருடம் சரியாகக் கணக்கு எழுதியிருக்கிறான், அவன் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கருத்துச் சொல்லலாம், சண்டையும் போடலாம். அவர் யார் என்று மட்டும் துருவிக் கேட்காதீர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பக்கம் கணக்குப் பிரிவில் ஆள் தேவைப்பட்டால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.