தாயில்பட்டி டீயும் ரஷ்ய எண்ணெயும்

2025 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆபீஸ் பட்டாசுச் சீட்டுப் பணத்தை என் கையில் திணித்து, "நேரே போய் வாங்கினா மலிவுடா" என்று அனுப்பி வைத்தார்கள். பி.காம். படித்தவனுக்குப் பேரம் பேசத் தெரியும் என்று ஒரு மூடநம்பிக்கை! சிவகாசியில் பஸ் மாறி தாயில்பட்டியில் இறங்கினேன்.

வழி நெடுக வெயிலும் சீமைக்கருவேலமும்தான். நடுவே பட்டாசு ஆலைகள். ஆலை என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி, சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாதே!

டீக்கடையில் உட்கார்ந்தேன். அக்கா பாலை ஏற்றியதும் அடுப்பு 'புஸ்'ஸென்று அணைந்தது. சிலிண்டர் காலி!

"ஊருக்கெல்லாம் நெருப்பு செஞ்சு அனுப்புறோம். டீ போட நெருப்பை விலைக்கு வாங்குறோம்" என்று சலித்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தேசமே அப்படித்தான்கா. சமையல் கேஸ்ல பாதிக்கு மேல வெளிநாட்டுச் சரக்கு. கச்சா எண்ணெய்ல நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல! வளைகுடா கேஸ் கப்பலெல்லாம் பெரும்பாலும் ஹோர்முஸ் ஜலசந்தி வழியாத்தான் வரணும். குறுகலான இடத்துல நாப்பது கிலோமீட்டர்கூட கிடையாது. சிவகாசிலேருந்து மதுரைக்குப் பாதி தூரம்!"

"அங்க எவனாச்சும் மல்லுக்கு நின்னா?"

"இங்க டீ நின்னுடும்!"

விளையாட்டில்லை சார். 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை எகிறியது. ஏற்கெனவே ஒட்டிக்கிடந்த நம் கஜானா காலியாகி, 1991-ல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். அடகுக்கடை வாசலில் நின்ற குடும்பம் அப்புறம் யாரையும் பகைத்துக்கொள்ளாது. சவூதி, ஈரான், இஸ்ரேல் என்று ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காதவர்களிடமும் டெல்லி சிரித்துப் பேசுவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

அப்படியும் எல்லா நேரமும் நம் இஷ்டம் செல்லாது. அமெரிக்கா தடைக்கு விலக்கு தர மறுத்ததும், 2019 மே மாதம் ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். 2022-ல் உக்ரைன் போர் வந்தது. ரஷ்யா தள்ளுபடி விலைக்குக் கொடுத்தது. நூற்றுக்கு இரண்டு பங்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினோம். ஐரோப்பா முறைத்தது. இந்த முறை நாம் அசையவில்லை.

"ஒரே ரூம்ல அம்புட்டு மருந்தையும் வைக்கக் கூடாது தம்பி" என்றார், பக்கத்து பெஞ்சில் இருந்த ஆலைத் தொழிலாளி. கையெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாய் மினுங்கியது. வெளியுறவுத் துறையில் வேலை பார்க்க வேண்டியவர்!

"கரெக்ட் அண்ணாச்சி! நாலு இடத்துல வாங்குறதுதான் புத்திசாலித்தனம். லாபம் நமக்குத்தான்" என்றேன்.

அக்கா திரும்பினார். "எம்மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சுன்னு ஒரு மாசமா ஓவர்டைம் இல்ல. ரசியாகிட்ட எண்ணெய் வாங்குனதுக்குத்தான் வரி போட்டாகளாமே? அது எந்தக் கணக்குல வருது தம்பி?"

வாயடைத்துப் போனேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீதம் போட, நம் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆகியிருந்தது. தள்ளுபடியில் எண்ணெய் வந்தது ஒரு கணக்கு. ஒரு பையனின் ஓவர்டைம் போனது இன்னொரு கணக்கு. வரவை எழுதியவர்களுக்கு அந்தப் பையனின் செலவுப் பக்கம் தெரியாது. ரஷ்யாவிடம் வாங்கியது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் தேசத்துக்கு வரும் பில்லைத் திருப்பூர்த் தையல் மெஷின் மட்டும் கட்டக் கூடாது இல்லையா?

இதற்குள் அக்கா பழைய அடுப்பை இழுத்துப் போட்டு, கருவேல விறகைச் செருகி ஊதினார். புகையில் இருமிக்கொண்டே, "இந்த முள்ளுக்கு எந்த நாட்டுக்காரன்கிட்டயும் கையேந்த வேணாம்" என்றார்.

சீமைக்கருவேலமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று டீயைக் குடித்தேன்.