நீறு பூசிய நெற்றியும் பதிவுச் சான்றும்

திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு, அறுபத்தைந்தாம் வயதில் கார் வாங்கும் எண்ணம் எழுந்தது. ஆடம்பரத்திற்காக அன்று. மனைவிக்கு மூட்டுவலி, பேருந்துப் படியில் கால் வைக்க இயலவில்லை. வெள்ளிதோறும் திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியைத் தரிசித்து வந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. சேமிப்பிலிருந்து மூன்று லட்சம் ரூபாய் எடுக்கலாம். அதற்குப் புதிய வண்டி கிடைக்காது. ஆகவே, பழைய காரை அதன் உரிமையாளரிடமே நேரில் வாங்குவதென்று தீர்மானித்தார்.

முதலில் சந்தித்தவர் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் உருத்திராட்சமும் அணிந்திருந்தார். வண்டிக்குள் முருகன் படம், அதற்கு அன்றலர்ந்த பூ. “இந்த வண்டியைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டேன், ஐயா. தங்களைப் போன்ற பெரியவர் கைக்குப் போனால் எனக்கு நிம்மதி. நாளை வேறொருவர் வருகிறார்; இன்றே ஐம்பதாயிரம் முன்பணம் தந்துவிட்டால் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவேன்” என்றார். தலைமையாசிரியர் மனம் நெகிழ்ந்து, காசோலைப் புத்தகத்தை எடுக்க வீடு திரும்பினார்.

மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: “வண்டி யார் பெயரில் இருக்கிறது?”

அதை அவர் கேட்டிருக்கவில்லை. மீண்டும் சென்று பதிவுச் சான்றைப் பார்த்தபோது அதில் வேறொருவர் பெயர் இருந்தது. வங்கிக் கடனுக்கு வண்டி ஈடாக இருப்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தது. “அவர் என் நண்பர்தான், கடன் எப்போதோ முடிந்துவிட்டது” என்றார் விற்பவர். அப்படியானால் வங்கி தந்த தடையில்லாச் சான்றைக் காட்டலாமே என்றதும் அவர் முகம் மாறியது. “சாமி கும்பிடுகிறவன் பேச்சில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?” என்றார்.

தலைமையாசிரியருக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்தரைப் புண்படுத்திவிட்டோமோ என்ற வருத்தத்துடன் வெறுங்கையோடு திரும்பினார். “சாமியை நம்பச் சான்று வேண்டாம், வண்டிக்கு வேண்டும்” என்று மனைவி சொன்ன பிறகே மனம் ஓரளவு ஆறியது.

சட்டமும் அதையே சொல்கிறது. பெயர் மாற்றத்திற்கான 29, 30 எண் படிவங்களில் பதிவுபெற்ற உரிமையாளரே கையொப்பமிட வேண்டும். கடன் தீர்ந்திருந்தாலும், 35ஆம் எண் படிவமும் வங்கியின் சான்றும் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்கினால்தான் வண்டி வில்லங்கமற்றது. முதலாமவர் ஏமாற்றுக்காரர் என்று தலைமையாசிரியர் இன்றுவரை சொல்வதில்லை. கடன் மெய்யாகவே முடிந்திருக்கலாம். ஆனால் காகிதம் சொல்ல வேண்டியதைத் திருநீற்றைக் காட்டிச் சொல்ல முயன்றது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது.

இரண்டாமவர் மின்வாரிய ஊழியர், அதிகம் பேசாதவர். வண்டியில் எந்தத் தெய்வப் படமும் இல்லை. “காலை ஆறு மணிக்கு வாருங்கள். குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை நீங்களே கிளப்பிப் பார்க்க வேண்டும்” என்றார். வலப்பக்கக் கதவு ஒரு விபத்தில் நசுங்கி மாற்றப்பட்டதைக் கேட்காமலே சொல்லி, காப்பீட்டுக் காகிதத்தையும் காட்டினார். பராமரிப்பு ரசீதுகளில் எழுதியிருந்த கிலோமீட்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறி, வண்டியின் மானி காட்டிய எண்ணோடு பொருந்தின. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றின் எண்ணும் ஒன்றாக இருந்தன. தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றதும், சாவியை எடுத்து நீட்டினார்.

பின்னர் அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: பெயர் மாற்றத்திற்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். அது நியாயமே. விற்ற பிறகு விபத்து நேர்ந்தாலும், பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆக, நம்பத் தகுந்தவரா என்று ஆராய வேண்டியவர் வாங்குபவர் மட்டுமல்லர். விற்பவருக்கும் அதே கவலை உண்டு. திருவள்ளுவர் இதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்வது அவமதிப்பு அன்று. நம்பிக்கைக்கு அது முதற்படி.

பணம் வங்கி வழியாகவே கைமாறியது. இருவரும் படிவங்களில் கையொப்பமிட்டனர். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார் தலைமையாசிரியர்.

புதிய பதிவுச் சான்று வந்த வார வெள்ளியன்று, தம்பதியர் திருவானைக்காவுக்குக் காரில் சென்றனர். தரிசனம் முடிந்து வந்ததும், மனைவி தம் கையாலேயே வண்டியின் முகப்பில் திருநீறு இட்டார்.