பொருந்தாத டியூப்

நான் உயர்நிலை மூன்றில் படித்தபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. என் மிதிவண்டிக்கு ஆழமான ரிம் கொண்ட சக்கரங்களைப் பொருத்த வேண்டும். சாதாரணச் சக்கரத்தில் ரிம் ஒடுக்கமாக இருக்கும். கம்பிகள் நீளமாகத் தெரியும். ஆழமான ரிம்மோ டயரிலிருந்து உள்நோக்கி நீண்டு, கம்பிகளின் ஒரு பகுதியை மறைத்துவிடும். அது காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் என்பார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு வேகத்தைவிட அதன் தோற்றமே பிடித்திருந்தது.

தீபாவளிக்குக் கிடைத்த பணத்தோடு, பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தையும் போட்டு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய இரண்டு சக்கரங்களை வாங்கினேன். ரிம்மின் ஆழம் 50 மில்லிமீட்டர். டயரும் டியூபும் அவற்றிலேயே இருந்தன. அதனால், வாங்கிய அன்றே அவற்றைப் பொருத்தி ஓட்டத் தொடங்கிவிட்டேன்.

அப்பா கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை செய்தார். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்கு வேலை இருக்கும். அந்த மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் ஓய்வு. "அன்று சாங்கி கடற்கரைக்கு மிதிவண்டியில் போய்ச் சூரிய உதயத்தைப் பார்க்கலாமா?" என்று அவரே கேட்டார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "நீங்கள் வந்தால் போதும், அப்பா. மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

மாற்று டியூபுகள் வாங்குவதும் அந்தப் பொறுப்பில் ஒன்று. என் டயரின் பக்கவாட்டில் '700×25' என்று இருந்தது. இணையத்தில் தேடியபோது, '700×20-28' என்று குறிக்கப்பட்ட டியூபுகள் மலிவாகக் கிடைத்தன. 25 அந்த வரம்புக்குள்தானே இருக்கிறது? இரண்டு வாங்கினேன். பெட்டியின் ஓரத்தில் '40 மி.மீ.' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அது எதன் அளவு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்குப் பிடோக்கிலிருந்து புறப்பட்டோம். அப்பா தம் பழைய மிதிவண்டியில் முன்னே சென்றார். நான் பின்தொடர்ந்தேன். விமான நிலையத்தை ஒட்டிய நீண்ட பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, என் பின்சக்கரத்திலிருந்து 'உஸ்' என்று ஓர் ஓசை எழுந்தது. சற்று நேரத்தில் ரிம் தரையில் இடிப்பதை உணர்ந்தேன்.

நான் பதறவில்லை. "மாற்று டியூப் இருக்கிறது, அப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்றிப் பழைய டியூபை உருவினேன். அப்பா டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, குத்தியிருந்த கண்ணாடித் துண்டை எடுத்துப் போட்டார். நான் புதிய டியூபை எடுத்து அதன் வால்வை ரிம்மின் துளைக்குள் நுழைத்தேன். மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். வால்வு வெளியே வரவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, கிணற்றடியில் மின்னும் தண்ணீரைப் போல அதன் நுனி உள்ளே தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. 40 மி.மீ. என்பது வால்வின் நீளம்! 50 மி.மீ. ஆழமுள்ள ரிம்மைத் தாண்டி அது எப்படி வெளியே வரும்? வால்வு வெளியே வராவிட்டால் பம்பை எங்கே மாட்டுவது? நான் கொண்டுவந்த இரண்டு டியூபுகளும் அப்பாவின் சக்கரத்துக்குப் பொருந்தும். என் சக்கரத்துக்கு ஒன்றுகூடப் பொருந்தாது.

மடிக்கக்கூடிய மிதிவண்டியாக இருந்தால் பேருந்திலாவது ஏற்றலாம். என் வண்டியை ஏற்ற முடியாது. வேன் வைத்திருந்த தம் நண்பரை அப்பா கைப்பேசியில் அழைத்தார். நாங்கள் சாலையோரத்தில் காத்திருந்தபோது, மரங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்தது. கடல் தெரியவில்லை. அப்பாவின் ஒரே ஓய்வு நாளை வீணாக்கிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. "மன்னித்துவிடுங்கள், அப்பா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "சூரியன் இங்கேயும் அதே சூரியன்தான்" என்று சிரித்தார். பிறகு, "குழாயின் சுற்றளவை மட்டும் பார்த்து, நீளத்தைப் பார்க்காமல் வெட்டினால் என் மேற்பார்வையாளர் என்ன சொல்வார் தெரியுமா?" என்று கேட்டார். அவர் என்ன சொல்வார் என்பதை அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலை இருவரும் எங்கள் வட்டாரத்து மிதிவண்டிக் கடைக்குச் சென்றோம். கடைக்கார அங்கிள் பொறுமையாக விளக்கினார். முதலில் வால்வின் வகையைப் பார்க்க வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போன்ற தடித்த வால்வு ஷ்ரேடர். அதைவிட மெலிந்து, நுனியில் சிறு திருகு உள்ளது பிரெஸ்டா. சாலைப் பந்தய மிதிவண்டிகளின் ரிம்மில் பெரும்பாலும் பிரெஸ்டாவுக்கு ஏற்ற சிறிய துளையே இருக்கும். அதில் ஷ்ரேடர் நுழையாது.

அடுத்தது நீளம். ரிம்மின் ஆழத்தோடு ஏறத்தாழ 20 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் பம்பின் தலை உறுதியாகப் பிடிக்கும். 50 உடன் 20 சேர்ந்தால் 70. அவர் கடையில் 40, 48, 60, 80 மி.மீ. வால்வுகள் இருந்தன. "60 வெளியே வரும், ஆனால் பம்பு வழுக்கும். 80 வாங்கு" என்றார்.

குட்டை வால்வை நீட்டிக்கும் இணைப்புக் குழாயும் உண்டாம். வால்வின் உட்பகுதியைக் கழற்ற முடிந்தால், இடையில் இணைப்பைத் திருகி, அதன் நுனியில் உட்பகுதியை மீண்டும் பொருத்தலாம். திருகுமரையில் வெள்ளை நாடாவைச் சுற்றாவிட்டால் காற்று கசியக்கூடும் என்றார். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த நாடா அவருடைய வேலைப் பையில் எப்போதும் இருக்கும்.

டியூபின் பொருளைப் பற்றியும் கேட்டேன். லேடெக்ஸ் டியூப் மென்மையாக ஓடும். ஆனால் காற்று விரைவில் குறைவதால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அடிக்க வேண்டும். பியூட்டைல் டியூப் சற்றுக் கனமானது. காற்றை நெடுநேரம் காக்கும். "மாற்று டியூபுக்கு பியூட்டைலே போதும்" என்றார் அங்கிள்.

80 மி.மீ. ஒன்றும் அப்பாவுக்கு 40 மி.மீ. ஒன்றும் எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீளமான வால்வு என் சக்கரத்தில் நுழையாதா?" என்று அங்கிளிடம் கேட்டார். "நுழையும். வெளியே நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

அப்பா சிரித்தபடி 40 மி.மீ. டியூபை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொரு 80 மி.மீ. டியூபை எடுத்தார். இனி யாருடைய சக்கரம் பஞ்சரானாலும் அவற்றில் எதுவும் உதவும். நான் என் சக்கரத்தை மட்டும் நினைத்தேன். அவர் இருவரின் பயணத்தையும் நினைத்தார்.

அப்பாவுக்கு அடுத்த ஓய்வு ஞாயிறு கிடைக்க ஐந்து வாரங்கள் ஆயின. புறப்படுவதற்கு முந்திய இரவே டியூபை ஒருமுறை ரிம்மில் மாட்டி, வால்வு வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். மறுநாள் சாங்கி கடற்கரையில், அலைகளுக்கு மேலே சூரியன் எழுவதை இருவரும் பார்த்தோம். பையிலிருந்த இரண்டு டியூபுகளையும் அன்று வெளியே எடுக்கவே இல்லை.