கேமரன் மலையும் ஒரு மாதிரிக் கட்டுரையும்



பள்ளி விடுமுறை முடிந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் தமிழ்ப்பள்ளிகளில் வழக்கம். அதற்கென என்னிடம் ஒரு மாதிரிக் கட்டுரை உண்டு. "கேமரன் மலையை நெருங்கியதும் குளிர்ந்த காற்று எங்களை வரவேற்றது. எங்கு நோக்கினும் பச்சைப் பசேலென்ற காட்சி கண்களுக்கு விருந்தளித்தது." பல ஆண்டுகளாக இவ்வரிகளைப் பலகையில் எழுதி வந்திருக்கிறேன்.

அவை வெறும் கற்பனை அல்ல. 1980களின் இறுதியில் என் அத்தை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வந்தார். ஆண்டிறுதி விடுமுறை என்றாலே எங்களுக்கு அத்தையின் லயத்து வீடுதான். தாப்பாவில் பேருந்து ஏறினால் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். ரிங்லெட்டைத் தாண்டியதும் அம்மா சன்னலைச் சாத்தச் சொல்வார். காலையில் வாய் திறந்தால் புகை வரும். சுருட்டுப் பிடிப்பதாகச் சொல்லிச் சிரிப்போம். வெந்நீர் காயும்வரை அடுப்படியை விட்டு நகர மாட்டோம். அத்தை வேலை ஓய்வு பெற்றுத் தாப்பாவில் குடியேறிய பிறகு, மலைக்குச் செல்லும் வாய்ப்பே எனக்கு அமையவில்லை.

2023ஆம் ஆண்டில் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படி எழுதினான்: "கேமரன் மலை வெள்ளையாக இருந்தது. எல்லாம் நெகிழிக் கூரைகள். மூன்று மணி நேரம் மகிழுந்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்பா குளிர்சாதனத்தைப் போட்டார்."

நான் சிவப்பு மையால் அவ்வரிகளை அடித்துவிட்டு, 'இயற்கை வருணனை தேவை' என்று ஓரத்தில் எழுதினேன். "டீச்சர், நான் பார்த்ததைத்தானே எழுதினேன்?" என்று அவன் கேட்டான். அழகிய சொற்றொடர்களுக்குத்தான் புள்ளிகள் கிடைக்கும் என்றேன். என் மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதி வந்தான். நல்ல புள்ளிகளும் கொடுத்தேன்.

2024ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போ அருகிலுள்ள சிம்பாங் பூலாய் சாலை வழியாக மலையேறினேன். அகலமான, வசதியான சாலை. கம்போங் ராஜாவை அடைந்ததும் சரிவுகளை மூடிய நெகிழிக் கூரைகள் வெயிலில் பளபளத்தன. பிரிஞ்சாங் வரை வாகனங்கள் ஊர்ந்தன. சாலையோரம் புதிய தங்கும் விடுதிகள். நண்பகலில் எனக்கு வியர்த்தது. கம்பளிச் சட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. "அம்மா, நீங்கள் சொன்ன குளிர் எங்கே?" என்று மகள் கேட்டாள். அந்த நொடியில் அம்மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது.

இரவில் சற்றுக் குளிர்ந்தது உண்மை. தேயிலைச் சரிவுகள் இன்றும் பச்சையாகவே இருக்கின்றன. ஆனால் கீழே ரிங்லெட் ஏரி செம்மண் நிறத்தில் கிடந்தது. 1960களில் மின் உற்பத்திக்காக அமைக்கப்பட்ட ஏரி அது. மேலே காடு அழிக்கப்பட்டால் மழை மண்ணை அரித்துக்கொண்டு வந்து இங்கே சேர்க்கிறது. நெகிழிக் கூரையில் விழும் நீர் மண்ணில் ஊறாமல் விரைந்து ஓடுகிறது. வண்டல் சேரச் சேர ஏரி கொள்ளும் நீர் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

யாரைக் குறை கூறுவது? அக்கூரைகளின் கீழ் விளையும் கோசும் கீரையும் நம் சமையலறைக்குத்தான் வருகின்றன. விலை மலிவு என்று நானும் மூன்று பை நிறைய வாங்கினேன். அந்த வாகன வரிசையில் என் மகிழுந்தும் ஒன்று.

திரும்பும் வழியில் தாப்பாவில் அத்தையைப் பார்த்தேன். கண்டதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வீடும் நமக்குச் சொந்தமில்ல, நிலமும் சொந்தமில்ல. அந்தக் குளிரு ஒண்ணுதான் நம்மளுது மாதிரி இருந்துச்சு" என்றார்.

பள்ளி திறந்ததும், ஆறாம் ஆண்டுக்குச் சென்றுவிட்ட அம்மாணவனை அழைத்தேன். "நீ எழுதியதுதான் சரி. அடித்தது டீச்சரின் தவறு," என்றேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். "அந்த நோட்டு இப்போது இல்லை, டீச்சர்" என்றான்.

அம்மாதிரிக் கட்டுரையை நான் இப்போது பலகையில் எழுதுவதில்லை. வருணனையைக் கற்பிக்கிறேன், ஆனால் கண்ட பிறகே வருணிக்கச் சொல்கிறேன். பெற்றோர்களே, அடுத்த சுற்றுலாவில் உங்கள் பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். நாம் அன்று கண்டதைச் சொல்லுமுன், அவன் இன்று காண்பதைச் சொல்லட்டும். ஏரி கலங்கியிருப்பதைக் கண்டு சொல்லும் பிள்ளைதான், அது ஏன் கலங்கியது என்றும் ஒருநாள் கேட்பான்.